முதல் மாத்திரைக்கு முன் ஒரு சோதனை

தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த மருத்துவப் பெருமக்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தில் பாதியை உரிமையோடு எடுத்துக்கொண்ட செயலாளர் அவர்களே, செவிலியர்களே, மாணவர்களே, வணக்கம்.

பிரைமாகுவின் என்ற மலேரியா மருந்து பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஏன் கொடுக்கிறோம், யாருக்குக் கொடுக்கக் கூடாது, 14 நாள் மாத்திரையை எப்படி முழுசாக விழுங்கவைப்பது.

முதலாவது உங்களுக்குத் தெரிந்ததுதான். வைவாக்ஸ் வகை மலேரியாவில் காய்ச்சல் விட்ட பிறகும் ஒட்டுண்ணி ஈரலில் உறங்கிக் கிடக்கும். மாதங்கள் கழித்துக்கூட எழுந்து வரும். காய்ச்சலை விரட்டும் குளோரோகுவின் மாத்திரை அந்த உறங்கும் ஒட்டுண்ணியைத் தொடாது, பிரைமாகுவின் தொடும். சரி.

இரண்டாவதில்தான் என் சண்டை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்கு இந்த மருந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். இது 1956லேயே தெரிந்துபோன காரணம்!

ஒரு தாய் கண்ணாடிச் சீசாவில் மகனின் சிறுநீரைப் பிடித்து, முந்தானையால் மூடி எடுத்து வந்தார். கோலா நிறம். "தண்ணியே குடிக்க மாட்டேங்கிறான் டாக்டர், அதான்" என்று தீர்ப்பையும் அவரே சொல்லிவிட்டார். பையனோ, "ஒரு வேளைகூட விடலை சார்" என்று பெருமையாக மாத்திரை அட்டையை நீட்டுகிறான். கண் மஞ்சள், உதடு வெளுப்பு. மாத்திரையை நிறுத்தி, ரத்தம் ஏற்றி, பிழைக்கவைத்தோம். சொன்னபடி விழுங்கியவன்தான் மாட்டிக்கொண்டான்! எழுதிக்கொடுத்த இடத்தில் யாரும் ஜி6பிடி சோதனை செய்து ஆழம் பார்க்கவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்றால், சிவப்பணுச் சிதைவு நடக்கும்போது சோதனையே ஏமாற்றும். பழைய அணுக்கள் அழிந்து, நொதி அதிகமுள்ள புதிய அணுக்கள் வந்திருக்கும். முடிவு சரியாக இருப்பதுபோல் காட்டும்.

குறைபாடு இருந்தால் சிகிச்சையே இல்லை என்பதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் பிரைமாகுவின், வாரம் ஒரு முறை, எட்டு வாரம், மருத்துவக் கண்காணிப்பில் கொடுக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கூடவே கூடாது. இதே வேலைக்கான இன்னொரு மருந்து டஃபினோகுவின், ஒரே வேளை மருந்து. விழுங்கியபின் நிறுத்த வழியில்லை. அங்கே ஆழம் இன்னும் அதிகம், காலை விடுமுன் நொதியின் அளவையே எண்ணில் பார்க்க வேண்டும்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவது செய்திக்கு ஒரு வரி: சாப்பிட்டதும் கொடுங்கள், வயிற்றுவலி குறையும். மருந்துச் சீட்டில் பிரைமாகுவின் வரிக்கு மேலே 'ஜி6பிடி முடிவு' என்று ஒரு கட்டம் அச்சிட வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் மருந்தகம் மாத்திரை தரக் கூடாது. செயலாளர் இன்றே தீர்மானம் கொண்டுவந்தால் வழிமொழிய நான் தயார்.