உடையார்குடி வரை கூட்டிப்போன தொடர்கதை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, மஞ்சக்குப்பத்தில் இந்த மாலை நேரத்தை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் கடலூர் வாசகர்களே, வணக்கம்.

"அண்மையில் நாம் படித்த ஜனரஞ்சக நாவல்களும் தொடர் நாவல்களும் வாசகரை வளர்க்கின்றனவா, ஒரே இடத்தில் நிறுத்திவைக்கின்றனவா?" என்பது தலைப்பு. வளர்க்கின்றன என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய ஐயா மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார். அத்தியாயத்துக்கு ஒரு திருப்பம் வைத்து இழுக்கிறார்கள் என்றார். படித்ததும் மறந்துபோகும் என்றார். இதைப் படிப்பவர் இதைத் தாண்டி எதையும் தேடிப் போகமாட்டார் என்றார். கடைசியில் சொன்னதுதான் கனமான குற்றச்சாட்டு. அதனால் முதலில் அதற்கே வருகிறேன்.

கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த 'பொன்னியின் செல்வன்' எங்கே தொடங்குகிறது? நம் மாவட்டத்தில்தான். ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிற வீரநாராயண ஏரிதான் இன்றைய வீராணம். அன்றிரவு அவன் தங்குகிற கடம்பூரும் காட்டுமன்னார்கோயில் பக்கம்தான். 2022-லும் 2023-லும் படம் வந்த பிறகு இந்த நாவலை முதன்முதலாகக் கையில் எடுத்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். ஐந்து பாகத்தையும் முடித்தவுடன் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? நந்தினியா, ரவிதாசன் கூட்டமா, பெரிய பழுவேட்டரையரா? கல்கி கடைசிவரை பிடிகொடுக்கவில்லை.

சரி, அந்தக் கேள்வியோடு கிளம்புகிற வாசகர் எங்கே போய் நிற்கிறார்? காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டுக்கு முன்னால் நிற்கிறார். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமனையும் ரவிதாசனையும் பரமேசுவரனையும் அது பெயர் சொல்கிறது. அவர்களைச் சேர்ந்தவர்களின் நிலங்கள் என்ன ஆயின என்றும் பேசுகிறது. கதையில் படித்த ரவிதாசன் என்ற பெயரைக் கல்லில் பார்த்தவருக்கு அடுத்த கேள்வி தானாக வரும். இந்த ஆளுக்குப் பஞ்சவன் பிரமாதிராயன் என்ற பட்டம் இருக்கிறதே, அப்படியானால் அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்தவனா? கொலைக்கும் ராஜராஜன் ஆட்சிக்கும் நடுவில் ஆண்ட உத்தம சோழர் காலத்தில் ஏன் நடவடிக்கை இல்லை? வரலாற்று அறிஞர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழர்மேல் சந்தேகப்படுகிறார். இன்னொரு வரலாற்று அறிஞர் சதாசிவ பண்டாரத்தார் அதை ஒத்துக்கொள்வதில்லை. இருவரையும் படித்துவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வாதாடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் யாரும் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. ஒருவர் முதுநகரில் மீன்பிடி வலைக்கடை வைத்திருப்பவர். ஐயா, இந்த வாசகரையா ஒரே இடத்தில் நின்றுவிட்டார் என்கிறீர்கள்?

அடுத்து, இழுக்கிறார்கள் என்ற புகார். ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் நடுவில் இருக்கிற காத்திருப்பைத்தான் எதிரணி குறையாகச் சொல்கிறது. அந்தக் காத்திருப்பில்தான் வாசகர்கள் ஒருவரோடொருவர் பேசத் தொடங்குகிறார்கள் என்கிறேன் நான். வாடகை நூலகத்தில் எடுத்த ஒரு பைண்டிங் புத்தகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. வார இதழிலிருந்து கிழித்தெடுத்துச் சேர்த்துத் தைத்தது. பின் குத்திய இடமெல்லாம் துருக்கறை. நந்தினி பேசுகிற ஒரு பக்கத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் "இவளை நம்பாதே" என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து: "அவள் பட்டது உங்களுக்குத் தெரியுமா?" ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தேயிராத இரண்டு பேர் ஒரு பாத்திரத்துக்காக மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். மறந்துபோகிற கதைக்கு யார் இப்படிப் பென்சிலைத் தேடி எடுப்பார்கள்?

வாசகர்களின் கருத்துக்கு எழுத்தையே நகர்த்துகிற பலம் உண்டா என்று கேட்டால், நான் வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை. இதே மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்த ஜெயகாந்தன் போதும். 1966-இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை வந்தது. மழையில் ஒரு காரில் ஏறிய கல்லூரி மாணவி கெடுக்கப்படுகிறாள். வீட்டுக்கு வந்தவள் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். வாசகர்கள் கொதித்துப்போனார்கள். எந்த அம்மா இப்படிச் செய்வாள் என்று கேட்டார்கள். முடிவை மாற்றியும் பலர் எழுதிப் பார்த்தார்கள். ஜெயகாந்தன் அந்த எதிர்ப்பை ஒதுக்கித் தள்ளவில்லை. சரி, அம்மா ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று யோசித்து எழுதினார். அது 'காலங்கள் மாறும்' என்ற பெயரில் தினமணி கதிரில் தொடராக வந்தது. புத்தகமானபோது 'சில நேரங்களில் சில மனிதர்கள்' ஆனது. 1972-க்கான சாகித்திய அகாதெமி விருதையும் வாங்கியது. அந்த நாவலுக்குள்ளேயே நாயகி கங்கா அந்தச் சிறுகதையைப் பத்திரிகையில் படிக்கிறாள். தன் கதைக்கு வேறொரு முடிவைப் படிக்கிற அந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். வெகுஜனப் பத்திரிகை வாசகர் கோபப்படாமல் இருந்திருந்தால் கங்கா என்கிற பெண்ணே தமிழுக்குக் கிடைத்திருக்க மாட்டாள்.

இழுத்தடிக்கிற தொடர்கள் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கின்றன. நானே இரண்டாம் பாகத்தோடு மூடிவைத்தவை உண்டு. அப்படி மூடிவைக்கத் தெரிந்த ரசனையும் நிறையப் படித்ததால் வந்ததுதான்.

குடும்ப நாவல் படிக்கிற பெண்களைப் பற்றி எதிரணி இளக்காரமாக ஒரு வார்த்தை சொன்னது. அது எனக்குப் பிடிக்கவில்லை. நாள் முழுக்க உழைத்துவிட்டு, எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படி விளக்கில் பத்துப் பக்கம் படிக்கிறவருக்கு இந்த மேடையில் மரியாதை வேண்டும்.

நான் பள்ளி ஆசிரியை. 2016 முதல் 2018 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்த சு. வெங்கடேசனின் 'வேள்பாரி'யைப் படித்துவிட்டு ஒரு பிளஸ் ஒன் மாணவி என்னிடம் புறநானூறு கேட்டாள். எத்தனையாவது பாட்டு என்றேன். "பாரி மகளிர் பாடினது டீச்சர், அற்றைத் திங்கள்." நூற்றுப் பன்னிரண்டாவது பாட்டு, ஐந்தே வரி. அதற்குமுன் அதை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து ஒப்பித்தவள்தான். இந்த முறை "எந்தையும் உடையேம்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். மேலே வாசிக்க முடியவில்லை அவளால். நான் எத்தனை வகுப்பெடுத்தும் அந்தப் பாட்டுக்குள் அவளைக் கொண்டுபோக முடிந்ததில்லை. ஒரு தொடர் நாவல் கொண்டுபோய் விட்டது.

எனக்கு அடுத்துப் பேச வருகிற எதிரணி ஐயாவிடம் ஒன்று கேட்டுவிட்டு அமர்கிறேன். உங்கள் பேச்சில் மேற்கோள்கள் நிறைய வரும், நீங்கள் நிறையப் படித்தவர் என்பது எங்களுக்குத் தெரியும். நீங்கள் சாப்பாட்டையும் மறந்து முதன்முதலாக முழுசாகப் படித்து முடித்த தமிழ் நாவல் எது? அது எந்தப் பத்திரிகையில் தொடராக வந்தது? அதை இந்த ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள் ஐயா. நன்றி, வணக்கம்.