சீகோங், தாய் சி, குங்ஃபூ: எது சண்டை, எது உடற்பயிற்சி?

(திரையில்: காலை நேரத்துப் பூங்கா. மரங்களுக்கு இடையே மூன்று கூட்டங்கள்.)

சீனாவில் ஏதாவது ஒரு நகரத்துப் பூங்காவுக்குக் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். மரத்தடியில் சிலர் நின்ற இடத்திலேயே நின்று, கைகளை மேலே தூக்கி மூச்சை இழுத்து விடுவார்கள். கொஞ்சம் தள்ளி இன்னொரு கூட்டம் மெல்ல மெல்ல அடியெடுத்து வைத்து நகரும். அந்தக் கோடியில் இளவட்டங்கள் கம்பு சுற்றுவார்கள், எட்டி உதைப்பார்கள்.

முதலாவது சீகோங், இரண்டாவது தாய் சி, மூன்றாவது குங்ஃபூ. வீடியோவை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அந்த நடுக் கூட்டம் கணக்கைக் கெடுக்கிறது. தாய் சியும் குங்ஃபூதான்.

சீனச் சண்டைக்கலைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்று நாம் சொல்லும் பெயர் குங்ஃபூ. சீன அரசும் விளையாட்டு அமைப்புகளும் வூஷு என்கின்றன. ஷாவோலின், விங் சுன், ஹுங் கார் எல்லாம் அதற்குள் அடக்கம். தாய் சியும் அந்தப் பட்டியலில்தான் வருகிறது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் வூஷு முதல் முறையாகச் சேர்க்கப்பட்டபோது, தாய் சியும் அதில் ஒரு பிரிவு.

அப்படியானால் சண்டைக்கலை ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?

(திரையில்: ஹெனான் மாகாண வரைபடம். சென்ஜியாகோ கிராமம்.)

ஹெனான் மாகாணத்தில் சென்ஜியாகோ என்று ஒரு கிராமம். சென் குடும்பத்தாரின் ஊர். 17ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த சென் வாங்டிங் என்பவரிடமிருந்துதான் இந்தக் கலை வந்தது என்று பெரும்பாலான வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். மலையில் தவமிருந்த சாங் சான்ஃபெங் என்ற தாவோ மதத் துறவி பாம்பும் பறவையும் சண்டையிடுவதைப் பார்த்து உருவாக்கினார் என்றும் ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கும், ஆதாரம் கிடையாது.

சென் வாங்டிங்குக்கு முன்பே, மிங் அரசவம்சத்துத் தளபதி சி ஜிகுவாங் 1560 வாக்கில் எழுதிய படைப்பயிற்சி நூலில் 32 சண்டை நிலைகளைப் படம் போட்டுக் காட்டியிருந்தார். அந்த நிலைகளின் பெயர்கள் பல சென் குடும்பத்து அசைவு வரிசைகளில் அப்படியே இருக்கின்றன. இன்று பூங்காவில் பாட்டிகள் செய்யும் ‘ஒற்றைச் சாட்டை’ என்ற அசைவின் வேரைத் தேடிப் போனால், போர்வீரர்களுக்கான பாடத்தில் போய் நிற்கும்.

(திரையில்: சென் பாணி. தாழ்ந்த நிலை, மெதுவான சுழற்சி, சட்டென்று ஒரு குத்து.)

சென் பாணியை நேரில் பார்த்தால் சந்தேகமே வராது. மெதுவாகச் சுருண்டு வந்து சட்டென்று வெடிக்கும். காலைத் தரையில் ஓங்கி மிதிப்பார்கள், குதிப்பார்கள். இரண்டாவது வரிசைக்குப் ‘பீரங்கிக் குத்து’ என்றே பெயர்.

இந்த ஊருக்கு ஹெபெய் மாகாணத்திலிருந்து வந்து, சென் சாங்சிங்கிடம் கற்றவர் யாங் லுசான் (1799–1872). பின்னாளில் பெய்ஜிங் போய் மஞ்சு அரச குடும்பத்தாருக்கும் காவல் படைக்கும் கற்றுக்கொடுத்தார். ‘வெல்ல முடியாத யாங்’ என்று பட்டப்பெயர் வாங்கியவர். அவருடைய பேரன் யாங் செங்ஃபு காலத்தில்தான் பெரிய மாற்றம். குதிப்பது, மிதிப்பது, திடீர் வெடிப்பு எல்லாவற்றையும் அவர் எடுத்துவிட்டார். ஒரே சீரான வேகம், பெரிய திறந்த அசைவுகள். அவரிடம் வந்தவர்கள் ஷாங்காய் போன்ற நகரங்களின் படித்த மக்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது உடம்புக்கு வலு. துப்பாக்கி வந்துவிட்ட காலத்தில் கைமுட்டியால் யாரை அடிக்கப் போகிறார்கள்?

1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் யாங் பாணியை இன்னும் சுருக்கி 24 அசைவுகளாக ஆக்கியது. முழுவதும் செய்ய ஐந்தாறு நிமிடம் போதும். உலகம் முழுக்கத் தாய் சி என்று தெரிவது பெரும்பாலும் இதுதான். 2020இல் யுனெஸ்கோவும் தாய் சியைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

(திரையில்: ஒரே அசைவு இரண்டு முறை. முதலில் தனியாள், அப்புறம் எதிராளியோடு.)

இந்த அசைவைப் பாருங்கள். எடை பின்காலுக்குப் போகிறது, இடுப்பு திரும்புகிறது, கை பக்கவாட்டில் வழிகிறது. தனியாகச் செய்தால் நடனம் மாதிரி இருக்கும். எதிரே ஒருவர் தள்ளினால் அவருடைய விசையை ஒதுக்கிவிட்டு, அவர் தடுமாறும் நொடியில் திருப்பித் தள்ளுவதுதான் அது. இதற்கென்றே ‘தள்ளு கை’ என்று ஜோடிப் பயிற்சி இருக்கிறது. மெதுவாகச் செய்வதன் பயனும் இங்கேதான். வேகமாகப் போனால் உடம்பின் உந்துவிசை நம் தப்புகளை மறைத்துவிடும். மெதுவாகப் போனால் ஒற்றைக் காலில் எடையைத் தாங்கித்தான் ஆக வேண்டும். தொடை நடுங்கும்.

அதற்காக, பூங்காவில் 24 அசைவு கற்றவர் சண்டைக்குத் தயார் என்று அர்த்தமில்லை. 2017இல் ஒரு சீன எம்.எம்.ஏ. (கலப்புச் சண்டை) வீரர், தாய் சி ஆசான் என்று சொல்லிக்கொண்ட ஒருவரைச் சில நொடிகளில் தரையில் சாய்த்தார். அந்த வீடியோ சீனா முழுக்கச் சுற்றியது. அடி வாங்கிப் பழகாதவர் எந்தக் கலை கற்றிருந்தாலும் கதி அதுதான் என்பது என் கருத்து.

சரி, சீகோங்?

(திரையில்: மாவாங்துய் பட்டு ஓவியம்.)

இது வேறு வழியில் வந்தது. 1973இல் ஹுனான் மாகாணம் சாங்ஷா அருகே, மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையிலிருந்து ஒரு பட்டு ஓவியம் கிடைத்தது. ஆணும் பெண்ணுமாக 44 பேர் குனிந்து, நிமிர்ந்து, கை நீட்டிப் பயிற்சி செய்கிறார்கள். சில படங்களுக்குப் பக்கத்தில் நோயின் பெயரே எழுதியிருக்கிறது. எதிரி கிடையாது, குத்து கிடையாது. நோக்கம் உடம்பு. மூச்சோடு அசைவைச் சேர்க்கும் இந்த மரபுக்குத் தாவோயின் என்று பெயர்.

பயிற்சி பழையது, ஆனால் சீகோங் என்ற பொதுப் பெயர் பரவியது 1950களில்தான். லியு குய்சென் என்ற கம்யூனிஸ்ட் கட்சி ஊழியர், மூச்சுப் பயிற்சியால் தன் வயிற்றுப் புண் குணமானதாகச் சொல்லி, அதை மருத்துவமாக முன்வைத்தார். பெய்தாய்ஹேயில் சீகோங்குக்கென்றே மருத்துவ விடுதி நடத்தினார். கலாசாரப் புரட்சியில் எல்லாம் அடிபட்டது. 1980களில் மறுபடியும் கிளம்பியபோது கட்டுக்கடங்கவில்லை. தூரத்திலிருந்தே ‘சீ’ என்ற உயிர்ச்சக்தியை அனுப்பி நோய் தீர்ப்பேன் என்றெல்லாம் குருமார்கள் கிளம்பினார்கள். அந்த அலையில் 1992இல் தோன்றிய ஃபாலுன் கோங் இயக்கத்தை 1999இல் அரசு தடை செய்தது. அதன்பின் அரசே நான்கு பழைய வரிசைகளைத் தரப்படுத்தி 2003இல் வெளியிட்டது. அதில் எளியது பா துவான் ஜின். எட்டே அசைவுகள், நின்ற இடத்திலேயே செய்யலாம்.

நான்கில் இன்னொன்று யி ஜின் ஜிங். போதிதர்மர் எழுதியதாகச் சொல்லப்படும் நூலின் பெயர் அது. உடனே கமெண்டில் போதிதர்மர் வருவார் என்று தெரியும். அவர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்பது சீனாவிலேயே உள்ள பழைய குறிப்பு. 547ஆம் ஆண்டு நூல் ஒன்று பாரசீகர் என்கிறது. காஞ்சிபுரம், பல்லவர் என்பதெல்லாம் பின்னால் வந்த அடையாளம். ஆனால் யி ஜின் ஜிங் அவர் எழுதியதல்ல. அந்த நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, முன்னுரை போலி. ஷாவோலின் துறவிகள் 621இல், பின்னாளில் தாங் பேரரசரான லி ஷிமினுக்காகப் போரிட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. போதிதர்மர் சண்டை கற்றுக்கொடுத்தார் என்று சொல்லும் பழைய சான்று எதுவும் இல்லை.

(திரையில்: மூவர், ஒரே நிலை. முழங்கால் லேசாக மடங்கியிருக்கிறது. கைகள் மரத்தைக் கட்டிப் பிடிப்பது போல.)

இரண்டு வழிகளும் சந்திக்கும் இடம் இது. தூண் மாதிரி அசையாமல் நிற்கும் பயிற்சி. சீகோங் வகுப்பிலும் உண்டு, தாய் சியிலும் உண்டு, குங்ஃபூ பள்ளிகள் பலவற்றிலும் உண்டு. மிங், சிங் அரசவம்சங்களின் காலத்தில் சண்டைக்காரர்கள் தாவோயின் மூச்சுமுறைகளைத் தங்கள் பயிற்சிக்குள் எடுத்துக்கொண்டார்கள். தாய் சியில் அந்தக் கலப்பு மிக ஆழமாக நடந்தது. அதனால்தான் அது இரண்டு பக்கமும் நிற்கிறது.

உடம்புக்குப் பலன் உண்டா? அமெரிக்காவில் 195 பார்கின்சன் நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2012இல் வெளியானது. வாரம் இரண்டு முறை, 24 வாரம். தாய் சி செய்தவர்களின் சமநிலை மேம்பட்டது. வெறும் தசைநீட்டல் செய்தவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள். ‘சீ’ என்ற சக்தி உடம்பில் ஓடுகிறது என்பதை எந்தக் கருவியும் அளந்ததில்லை. அதை நம்பாமலே இந்தப் பலன் கிடைக்கும்.

(திரையில்: முழங்காலும் பாதமும், நெருக்கத்தில்.)

வீட்டில் பெரியவர்களுக்கு என்றால் பா துவான் ஜின்னில் ஆரம்பிக்கலாம். நடையும் சமநிலையும் வேண்டும் என்றால் 24 அசைவுத் தாய் சி. மனப்பாடமாகவே சில மாதம் பிடிக்கும். சண்டை வேண்டும் என்றால், தள்ளு கையும் நேருக்கு நேர் மோதலும் இருக்கிற பள்ளியாகத் தேடுங்கள். அவை இல்லாத இடத்தில் அசைவு மட்டும்தான் கிடைக்கும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் முழங்கால் கால்விரல் பார்க்கும் திசையிலேயே மடங்கட்டும். உள்பக்கம் சாய்ந்தால், தாய் சி வகுப்பிலிருந்து நேரே எலும்பு டாக்டரிடம் போக வேண்டி வரும்.