அமெரிக்காவில் தினமும் ஒரு 'தேசிய தினம்': யார் அறிவிக்கிறார்கள்?

வணக்கம் மக்களே! அமெரிக்காவில் மத்திய அரசின் விடுமுறை நாட்கள் ஆண்டுக்கு 11தான். ஆனால் இணையத்தைத் திறந்தால் தினமும் ஏதாவது ஒரு 'தேசிய தினம்' வந்து நிற்கிறது. பாப்கார்ன் தினம், ஹாட் டாக் தினம், உடன்பிறந்தோர் தினம்... யாருடைய வேலை இது? பெரும்பாலும் அரசின் வேலை இல்லை.

ஐஸ்கிரீம் தினத்துக்கு அரசு முத்திரை இருந்தது, அதை மறுக்க முடியாது. 1984இல் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது, அதிபர் ரீகன் பிரகடனம் வெளியிட்டார். ஜூலை முழுக்க ஐஸ்கிரீம் மாதம், ஜூலை 15 ஐஸ்கிரீம் தினம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிரகடனம் அந்த ஒரு வருடத்துக்கு மட்டும்தான். ஐஸ்கிரீம் விற்பவர்கள் விடுவார்களா? அன்று ஜூலையின் மூன்றாவது ஞாயிறு. அதையே பிடித்துக்கொண்டு இன்றுவரை வருடா வருடம் கொண்டாடுகிறார்கள்.

இப்படித் தினங்களை அறிவிக்கவே சபையின் நேரம் போகிறது என்று 1995இல் பிரதிநிதிகள் சபை ஒரு விதி கொண்டுவந்தது: நாள், வாரம், மாதம் என எதையும் சிறப்பிக்கும் மசோதா இனி வேண்டாம். அப்புறம் 2009இல் மார்ச் 14ஐ 'பை தினம்' (கணிதத்தில் வரும் π, அதாவது 3.14, அதற்கான தினம்) ஆக்குவதை ஆதரிப்பதாக அதே சபை தீர்மானம் போட்டது. அறிவிக்கவில்லை, ஆதரிக்கிறோம், அவ்வளவுதான்! அந்தத் தினத்தை 1988இல் சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரட்டோரியம் அருங்காட்சியகத்தில் தொடங்கியவர் லாரி ஷா என்ற இயற்பியலாளர்.

அரசு ஒதுங்கினால் என்ன, தனியார் இருக்கிறார்களே. வடக்கு டகோட்டாவில் 2013இல் தொடங்கிய 'நேஷனல் டே காலண்டர்' என்ற இணையதளம் கட்டணம் வாங்கிக்கொண்டு புதிய தினங்களைப் பதிவு செய்கிறது. ஏதாவது நிறுவனம் தன் சரக்குக்கு ஒரு தினம் அறிவித்தால் எனக்குப் பெரிய ஆர்வம் வருவதில்லை, அது விளம்பரம்தான்.

எனக்குப் பிடித்தது செப்டம்பர் 19, கடற்கொள்ளையர் மாதிரிப் பேசும் தினம். 1995இல் ஓரிகானில் ஜான் பார், மார்க் சம்மர்ஸ் என்ற இரண்டு நண்பர்கள் ராக்கெட்பால் ஆடும்போது விளையாட்டாக ஆரம்பித்தது. தேதி எப்படி வந்தது தெரியுமா? சம்மர்ஸின் முன்னாள் மனைவியின் பிறந்தநாளாம், அவருக்கு மறக்காதல்லவா! 2002இல் பத்தியாளர் டேவ் பாரி எழுதியதும் நாடெங்கும் பரவிவிட்டது.

ஆனால் டோனட் தினத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். முதல் உலகப்போரில், 1917இல், சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் பெண்கள் பிரான்சில் போர்முனைக்குப் பக்கத்தில் முகாம் போட்டிருந்தார்கள். சரியான அடுப்பு இல்லை, பூரிக்கட்டை இல்லை. ஹெலன் பர்வியன்ஸும் மார்கரெட் ஷெல்டனும் கையில் கிடைத்த பாட்டிலால் மாவைத் தேய்த்து, சின்ன வாணலியில் சில சில டோனட்டாகப் பொரித்தார்கள். சிப்பாய்கள் வரிசையில் நின்றார்கள். அந்தப் பெண்களை நினைவுகூரவும், பொருளாதார மந்தத்தில் தவித்தவர்களுக்கு நிதி திரட்டவும் 1938இல் சிகாகோவில் சால்வேஷன் ஆர்மியே இதைத் தொடங்கியது. ஜூன் மாத முதல் வெள்ளிக்கிழமை. இப்போது அன்று பல கடைகளில் இலவச டோனட் தருகிறார்கள். எதற்கு என்று வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சரி, உங்களுக்குப் பிடித்த வினோதமான தினம் எது, கமென்டில் போடுங்கள்.