ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்: குள்ளர்கள் ஏன் கந்தலோடு திரிகிறார்கள்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

குள்ளர்களின் கோட்டையை நாம் நடத்தும் கணினி விளையாட்டான ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் பற்றிய அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நண்பர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "என் கோட்டையில் நூறு பேர் இருக்கிறார்கள். சாப்பாட்டுக்கும் பீருக்கும் குறைவே இல்லை. ஆனால் எந்தக் குள்ளரின் விவரத்தைத் திறந்து பார்த்தாலும் துணி நைந்துபோச்சு, கிழிந்துபோச்சு என்று வருத்தப்பட்டிருக்கிறார்கள். மனித வணிகர்களிடம் மூட்டை மூட்டையாகத் துணி வாங்கிப் போட்டேன். ஒருவர்கூட எடுத்து உடுத்தவில்லை. ஏன்?"

நல்ல கேள்வி. இந்த விளையாட்டில் துணிப் பிரச்சினை தாமதமாகத்தான் வரும், அதனால்தான் நிறைய பேர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் வரும் ஏழு பேரும் உடுத்திக்கொண்டுதான் வருகிறார்கள். பின்னால் குடியேறுபவர்களும் அப்படியே. முதல் ஒன்றிரண்டு வருடம் துணியைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. அதற்குள் நாம் சுரங்கம், கொல்லுப்பட்டறை, ராணுவம் என்று எங்கெங்கோ போயிருப்போம். அப்புறம் எல்லோருடைய துணியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நைய ஆரம்பிக்கும்.

நைவதை எப்படிக் கண்டுபிடிப்பது? துணியின் பெயரைப் பாருங்கள். பெயருக்கு இரண்டு பக்கமும் ஒரு சின்ன எக்ஸ் இருந்தால் பழசாகத் தொடங்கிவிட்டது. பெரிய எக்ஸ் வந்தால் நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. இரட்டை எக்ஸ் வந்தால் அது கந்தல். அதற்கும் பிறகு உடம்பிலேயே உதிர்ந்து காணாமல் போய்விடும். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் குள்ளருக்கு மனவருத்தம் சேர்ந்துகொண்டே போகும். அந்த வருத்தம் அழுத்தமாக மாறி, ஒரு நாள் அவர் யாரையாவது அடிப்பார், எதையாவது உடைப்பார். ரிம்வேர்ல்ட் என்ற வேறொரு விளையாட்டை விளையாடிவிட்டு இங்கே வருபவர்கள் குளிருக்காகத் துணி என்று நினைக்கிறார்கள். அங்கே பார்கா என்ற குளிர் அங்கி போடாமல் பனியில் போனால் உடம்பு கெடும். இங்கே துணி என்பது முக்கியமாக மானப் பிரச்சினை.

இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மானம் காக்க மூன்று இடம் மூடியிருந்தால் போதும்: மேலுடம்பு, இடுப்புக்குக் கீழே, பாதம். அதாவது ஒரு டியூனிக் (மேல்சட்டை), ஒரு கால்சட்டை, ஒரு ஜோடி ஷூ. தொப்பி, கையுறை, சாக்ஸ், மேலங்கி எல்லாம் இருந்தால் நல்லது, இல்லை என்றால் யாரும் அழப்போவதில்லை. தையல் பட்டறையில் இருக்கும் எல்லா வகையையும் வரிசையாகத் தைக்கச் சொல்லாதீர்கள். இந்த மூன்றை மட்டும் விடாமல் தையுங்கள்.

இப்போது அந்த மனிதர் துணிக்கு வருகிறேன். வாங்கிய துணியின் பெயரில் 'லார்ஜ்' என்று ஒரு சொல் ஒட்டியிருக்கும். மனிதர்கள் குள்ளர்களைவிடப் பெரிய உடம்பு, அதனால் அந்தத் துணி குள்ளர்களுக்குப் பொருந்தாது. கிடங்கில் ஆயிரம் கிடந்தாலும் தொட மாட்டார்கள். எல்ஃப், கோப்ளின் என்ற மற்ற இரண்டு இனங்களும் இந்த விளையாட்டில் குள்ளர்களின் அதே உடம்பளவு. அவர்கள் துணி சரியாகப் பொருந்தும். கோப்ளின் படை வந்து செத்துப்போனால் அந்தச் சட்டைகளைத் தாராளமாக உடுத்தலாம். ஆனால் செத்தவர்களிடமிருந்து விழுந்த பொருள்கள் தடை நிலையில் கிடக்கின்றனவா என்று ஒரு முறை பாருங்கள். தடையை எடுத்தால்தான் யாராவது போய் எடுப்பார்கள். நீங்கள் வாங்கிய மனிதர் துணி வீணில்லை, அடுத்த வணிகரிடம் விற்றுவிடலாம். உங்கள் மதுக்கூடத்துக்கு வந்து அங்கேயே தங்கிவிடும் மனிதப் பாடகர்கள் இருந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கென்று தனியாகவும் தைக்கலாம். தையல் வேலையின் விவரத்தில் எந்த இனத்தின் அளவு என்று தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது.

சரி, தைக்கத் துணி எங்கே? என் கணிப்பு, உங்கள் கோட்டையில் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. நூறு பேருக்கு மூன்று உருப்படி என்றால் முந்நூறு தையல் வேலை, வேலைக்கு ஒரு துணி. ஒரே நாளில் தேவைப்படாது, ஆனால் நிற்காமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். நிலத்தடியில் பயிரிடும் பிக் டெயில்தான் இதற்கு அடிப்படை. அறுவடை செய்ததை உழவர் பட்டறையில் பதப்படுத்தினால் நூல் வரும், தறியில் போட்டால் துணி வரும், அப்புறம் தையல் பட்டறை. இந்தச் சங்கிலி எங்கே அறுகிறது தெரியுமா? அதே பிக் டெயிலைக் காய்ச்சினால் ஏல் என்ற பீர் வகை கிடைக்கும். பீர் குறைவே இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். மது காய்ச்சுபவர் பதப்படுத்துபவரை முந்திக்கொண்டு மொத்தத்தையும் எடுத்துவிடுவார். சமையலறைப் பட்டியலுக்குப் போய் பிக் டெயிலைக் காய்ச்சுவதற்குத் தடை போடுங்கள். குடிப்பதற்கு பிளம்ப் ஹெல்மெட் என்ற நிலத்தடிக் காளானிலிருந்து காய்ச்சும் ஒயின் இருக்கிறதே. இந்த ஒரு மாற்றத்திலேயே தறிக்கு நூல் போக ஆரம்பித்துவிடும்.

மருத்துவமனையையும் கவனியுங்கள். காயம் தைக்க நூலும், கட்டுப் போடத் துணியும் அங்கே எடுத்து வைத்துக்கொள்வார்கள். அது தேவைதான், ஆனால் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வசந்தத்தில் வரும் எல்ஃப் வணிகர்களிடம் துணி நிறைய இருக்கும், அதை வாங்குங்கள். மரத்தால் செய்த எதையும் பதிலுக்குக் கொடுக்காதீர்கள், கோபித்துக்கொள்வார்கள். ஷூவுக்கு நான் தோலைத்தான் சொல்வேன். இறைச்சிக்கு வெட்டும் விலங்குகளின் தோலைப் பதனிட்டுத் தோல் பட்டறைக்கு அனுப்பினால் துணி மிச்சமாகும். பட்டு வேண்டும் என்று குகைக்குள் சிலந்தி வலை எடுக்க ஆளை அனுப்புவதில் எனக்கு விருப்பமில்லை. நெசவாளர்கள் தாங்களாகவே வலை தேடிப் போகும்படி ஒரு நிலையான உத்தரவு இருக்கிறது. குகைக் கதவு திறந்திருந்தால் அந்த உத்தரவை அணைத்து வையுங்கள். நல்ல நெசவாளர் ஒருவரைப் பறிகொடுத்துவிட்டுப் பட்டுச் சட்டையை வைத்து என்ன செய்வது?

தையலுக்கு, மேலாளர் பதவியில் இருக்கும் குள்ளர் மூலம் நிபந்தனையோடு உத்தரவு போடுங்கள். டியூனிக் பத்துக்குக் கீழே குறைந்தால் பத்து தை, கால்சட்டைக்கும் அப்படியே, ஷூவுக்கும் அப்படியே. புதுசு கிடங்கில் இருந்தால் குள்ளர்கள் தாங்களே வந்து மாற்றிக்கொள்வார்கள், நீங்கள் ஒவ்வொருவராகக் கவனிக்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்கும் பெரியவர்களின் அதே அளவுதான், தனியாகத் தைக்க வேண்டாம். கைக்குழந்தைகளுக்குத் துணியே தேவையில்லை.

மாற்றிய பிறகு பழைய கந்தல் அறைகளிலும் நடைபாதைகளிலும் கிடக்கும். அதை விட்டுவைக்காதீர்கள். பொருள் சேரச் சேர விளையாட்டின் வேகமே குறையும். உரிமை விட்டுப்போன பழந்துணியை வணிக மேடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், அதற்கும் ஏதோ விலை வரும்.

கடைசியாகப் படைவீரர்கள். சீருடையில் 'துணிக்குப் பதிலாக' என்று வைத்திருந்தால் தங்கள் சட்டை, கால்சட்டை, ஷூ எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நீங்கள் கொடுத்ததை மட்டும் போடுவார்கள். மார்புக் கவசமும் தலைக்கவசமும் மட்டும் கொடுத்தால் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் காவல் காப்பார்கள், அதற்கும் வருத்தம் சேரும். 'துணிக்கு மேல்' என்று மாற்றுங்கள், இல்லையென்றால் கால் கவசமும் பூட்ஸும் சேர்த்துக் கொடுங்கள். உலோகக் கவசம் போட்டுப் போட்டு நைவதில்லை, அதனால் இரும்பு கையில் இருந்தால் இரண்டாவது வழிதான் நல்லது.