கேமராவை மாத்தணுமா, லென்ஸை மாத்தணுமா? பூப்பந்துக் கூடத்துல எடுக்கிற படங்கள் பத்தி ஒரு கேள்வி

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்துக்கப் போறேன். சிங்கப்பூர் யீஷூன்ல இருந்து ஒரு தாயார் எழுதியிருக்காங்க. மகனுக்குப் பன்னிரண்டு வயசு. 2021ல நம்ம சிங்கப்பூர் வீரர் லோ கியன் யூ ஸ்பெயின்ல உலக வெற்றியாளர் பட்டம் வாங்கினதைப் பார்த்துட்டுப் பூப்பந்து (பேட்மிண்டன்) மட்டையைக் கையில எடுத்த பையன், இப்ப வாரம் மூணு நாள் சமூக மன்றக் கூடத்துல பயிற்சி எடுக்கிறானாம். அம்மாகிட்ட கேனான் ஆர்10 கேமரா இருக்கு, அதோடவே வந்த 18-150 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ் இருக்கு. அவங்க கேட்கிறது இதுதான்: "படம் எல்லாம் மங்கலா வருது. எஃப் 6.3, 1/320, ஐ.எஸ்.ஓ. 12800ல எடுக்கிறேன். வெளிச்சம் சரியாத்தான் இருக்கு, ஆனா கையும் மட்டையும் தேய்ஞ்சு போகுது, படம் பூரா புள்ளி புள்ளியா இருக்கு. முழுச் சட்டக (ஃபுல் ஃப்ரேம்) சென்சாரும் உள்ளேயே ஸ்டெபிலைசேஷனும் இருக்கிற ஆர்6 மார்க் 2 வாங்கிட்டா சரியாயிடுமா?"

அம்மா, உங்க கேள்வியில எனக்கு ரொம்பப் பிடிச்சது, அந்த மூணு எண்ணையும் எழுதி அனுப்பினதுதான். "படம் சரியில்லை"ன்னு மட்டும் எழுதினா நான் ஊகிச்சுத்தான் பதில் சொல்ல முடியும். இந்த மூணு எண் இருந்தா கணக்கே போட்டுடலாம். புதுசா வர்றவங்களுக்கு: எஃப்ங்கிறது லென்ஸோட திறப்பு, எண் சின்னதானா ஒளி அதிகம். 1/320ங்கிறது ஷட்டர் திறந்திருக்கிற நேரம், விநாடிக் கணக்குல. ஐ.எஸ்.ஓ. வந்த ஒளியை எவ்வளவு கூட்டிக் காட்டுறதுங்கிறது, அது ஏறினா புள்ளியும் ஏறும்.

முதல்ல ஒரு விஷயம், இதைக் கடையில யாரும் சொல்ல மாட்டாங்க. உங்க 18-150, ஆர்எஃப்-எஸ் வகை, அதாவது சின்ன சென்சாருக்குன்னே செஞ்ச லென்ஸ். அதை ஆர்6 மார்க் 2ல மாட்டினா கேமரா தானாவே சென்சாரோட நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கும். 24 மெகாபிக்ஸல் கேமரா ஒன்பதரை மெகாபிக்ஸல் கிட்ட ஆயிடும். பெரிய சென்சாருக்குப் பணம் கொடுத்துட்டு, இப்ப இருக்கிற அளவு சென்சாரையேதான் பயன்படுத்துவீங்க. எஃப் 6.3 எஃப் 6.3ஆவே இருக்கும்.

ஸ்டெபிலைசேஷன் எட்டு ஸ்டாப்னு விளம்பரத்துல போட்டிருப்பாங்க (ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு). அது உங்க கை நடுக்கத்துக்கு. உங்க பையனோட கையை அது பிடிச்சு நிறுத்தாது. கூடத்துல ஓடுறது நீங்க இல்லையே, அவன்தானே? அதனால அந்த எட்டு ஸ்டாப்பும் இந்த வேலைக்குப் பூஜ்யம்.

சரி, கணக்குக்கு வருவோம். வழக்கமாப் பார்க்கிறவங்களுக்கு நான் என்ன சொல்லப் போறேன்னு தெரியும்: ஒளியை வாங்குங்க, பெட்டியை வாங்காதீங்க. மறுபடியும் சொல்றேன், ஏன்னா இந்தக் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. உங்க லென்ஸ் ஜூம் இழுத்தா எஃப் 6.3. அதுக்குப் பதிலா எஃப் 1.8 லென்ஸ் மாட்டினா எவ்வளவு ஒளி கூடுதலா வரும்? 6.3ஐ 1.8ஆல வகுத்தா மூணரை. அதை அதாலயே பெருக்கினா பன்னிரண்டே கால். பன்னிரண்டு மடங்கு ஒளி, அம்மா! அதை எப்படிச் செலவு பண்ணலாம்னு பாருங்க. ஷட்டரை 1/320ல இருந்து 1/1000க்குக் கொண்டுபோக மூணு மடங்கு செலவாகும். மீதி நாலு மடங்கு. அதை ஐ.எஸ்.ஓ.வுல குறைச்சா 12800 போய் 3200 ஆகும். அதே கூடம், அதே விளக்கு, அதே ஆர்10. கையும் நிக்கும், புள்ளியும் குறையும்.

சின்ன சென்சார்ல இருந்து முழுச் சட்டகத்துக்குப் போனா, அதுக்குரிய லென்ஸையும் சேர்த்தே வாங்கினாலும், கிடைக்கிறது சென்சார் பரப்பளவோட லாபம், அதாவது ரெண்டரை மடங்கு. அந்தப் பக்கம் பன்னிரண்டு, இந்தப் பக்கம் ரெண்டரை. விலையில இந்தப் பக்கம்தான் பல மடங்கு அதிகம்.

ஆயிரத்துல ஒரு பங்கு எதுக்குன்னு கேட்பீங்க. முன்னாடி சிலம்பம் பத்தின ஒரு பதில்ல போட்ட கணக்கைச் சொல்றேன். ஒன்றரை மீட்டர் கம்பை நடுவுல பிடிச்சு விநாடிக்கு மூணு சுத்து சுத்தினா, நுனி விநாடிக்குப் பதினாலு மீட்டர் போகும். 1/250ல அந்த நுனி படத்துக்குள்ளேயே அஞ்சரை சென்டிமீட்டர் நகர்ந்துடும். 1/1000ல ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. மட்டைக்கும் கைக்கும் இதே கதைதான். ஓடுற உடம்புக்கு 1/500 போதும், வீசுற கைக்கு 1/1000 வேணும்.

இப்ப எந்த லென்ஸ். கூடத்துல எவ்வளவு தள்ளி நிக்கிறீங்கங்கிறதுதான் இதை முடிவு பண்ணும். கேமராவைச் செங்குத்தாப் பிடிச்சா, 50 மில்லிமீட்டர் லென்ஸ்ல அஞ்சு மீட்டர் தள்ளி ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம் அடங்கும். மட்டையைத் தூக்கின பையன் தலையில இருந்து கால் வரைக்கும் சரியா இருப்பான். 85 மில்லிமீட்டர்ல அதே அளவுக்கு எட்டு மீட்டர் தள்ளி நிக்கணும். ஆடுகளத்தோட முழு நீளம் 13.4 மீட்டர், அதனால இந்தக் கோடிக்குப் பின்னால நின்னு அந்தப் பக்கம் ஆடுறவனை எடுக்க 85. பக்கவாட்டுல, கோட்டுக்குக் கிட்டத்துல நின்னா 50, இல்ல சிக்மாவோட 56 எஃப் 1.4.

என் தேர்வு கேனானோட பழைய இஎஃப் 85 எஃப் 1.8 யுஎஸ்எம். 1992ல வந்த லென்ஸ். அடாப்டர் ஒண்ணு வேணும். அதுக்குள்ள கண்ணாடி எதுவும் இல்லை, அதனால ஒளி குறையாது. இந்த லென்ஸோட ஃபோகஸ் மோட்டார் சட்டுனு திரும்பும், இந்த வேலைக்கு அதுதான் உயிர். குறையும் உண்டு: முழுசாத் திறந்து வெச்சா வெள்ளைச் சட்டை ஓரத்துல ஊதா நிறம் ஒழுகும். கொஞ்சம் மூடினா ஓரளவு அடங்கும்.

"அப்ப எஃப் 1.2 இன்னும் நல்லதுதானே?"ன்னு அடுத்த கேள்வி வரும். வேண்டாம். இஎஃப் 85 எஃப் 1.2 உள்ள இருக்கிற கண்ணாடி அவ்வளவு கனம், அதை நகர்த்த மோட்டார் திணறும். உருவப்படத்துக்கு அருமை, பூப்பந்துக்கு ஆகாது. புது ஆர்எஃப் 85 எஃப் 2 மேக்ரோவும் அப்படித்தான், ஃபோகஸ் தேடிக்கிட்டே இருக்கும். ஒளியை வாங்குங்கன்னு சொல்றப்போ, அந்த ஒளி ஓடுறவனைத் துரத்திப் பிடிக்கிற ஒளியா இருக்கணும். இன்னொண்ணு, 85 எஃப் 1.8ல எட்டு மீட்டர் தள்ளிக் கூர்மையா இருக்கிற ஆழம் வெறும் அறுபது சென்டிமீட்டர்தான். ஃபோகஸ் ஒரு எட்டு பின்தங்கினா முகம் போச்சு. அதனால செர்வோ ஃபோகஸ் (நகர்றவனைத் தொடர்ந்து ஃபோகஸ் பண்றது), ஆளைக் கண்டுபிடிக்கிற வசதி ரெண்டையும் போட்டு வைங்க. வலை குறுக்க வந்தா கேமரா வலையைப் பிடிச்சுக்கும், அப்ப சின்ன ஃபோகஸ் புள்ளிக்கு மாத்திட்டு ஆளோட நெஞ்சுல வைங்க.

விளக்கு விஷயம் ஒண்ணு. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால சில விளக்குகள் விநாடிக்கு நூறு தடவை கூடிக் குறையும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. 1/1000ல எடுக்கிற கேமராவுக்கு நல்லாவே தெரியும்: அந்தப் பத்து மில்லி விநாடி அலையில ஒரு மில்லி விநாடித் துண்டைத்தானே அது எடுக்குது? ஒரு படம் வெளிச்சமா, அடுத்தது இருட்டா, மூணாவது மஞ்சளா வரும். கேமரா பழுதுன்னு நினைச்சுடாதீங்க. கைப்பேசியில ஸ்லோ மோஷன் போட்டு விளக்கைப் படம் பிடிங்க, துடிச்சா தெரிஞ்சுடும். துடிச்சா மெனுவுல ஆன்ட்டி-ஃபிளிக்கரைப் போடுங்க. கேமரா அலையோட உச்சியைப் பார்த்து ஷட்டரைத் திறக்கும், தொடர் படத்தோட வேகம் மட்டும் கொஞ்சம் குறையும். எலக்ட்ரானிக் ஷட்டரை இந்த மாதிரிக் கூடத்துல அணைச்சே வைங்க. அது சென்சாரை வரி வரியாப் படிக்கும். மட்டை வளையும், படத்துக்குக் குறுக்க இருட்டுப் பட்டை விழும். மெக்கானிக்கல் ஷட்டர்லயே ஆர்10 விநாடிக்குப் பதினஞ்சு படம் எடுக்குமே, அது தாராளம்.

வெளிச்சத்தை மேனுவல்ல பூட்டிடுங்க. வெள்ளைச் சுவர், பச்சைத் தரைன்னு பின்னணி மாற மாற கேமராவோட ஒளி அளக்கிற மீட்டர் குழம்பும். விளக்கு மாறலையே, நீங்க ஏன் மாத்தணும்? ஐ.எஸ்.ஓ.வைக் குறைச்சு இருட்டா எடுத்துட்டு அப்புறம் கணினியில ஏத்திக்கலாம்னும் நினைக்காதீங்க, புள்ளி இன்னும் மோசமாத் தெரியும். புள்ளியை மென்பொருள் ஓரளவு துடைக்கும். மங்கலை எதுவும் மீட்காது.

இப்ப, நீங்க கேட்காத ஒரு கேள்வி. கேட்டிருக்கக் கூடாதான்னு எனக்கு ஆசையா இருந்த கேள்வி: எந்த நொடியில அழுத்தணும்?

எல்லாரும் மட்டை ஷட்டில்ல படுற கணத்தைப் பிடிக்கப் பார்க்கிறாங்க. அதுதான் இருக்கிறதுலயே கஷ்டமான கணம். இந்திய ஆட்டக்காரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023ல ஜப்பான்ல அடிச்ச ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர், உலக சாதனை. அந்த வேகத்துல 1/1000 விநாடிக்குள்ள ஷட்டில் பதினஞ்சு சென்டிமீட்டருக்கு மேல போயிடும். ஒரு நல்ல பள்ளி ஆட்டக்காரர் 200 கிலோமீட்டர் வேகத்துல அடிச்சாலும் அஞ்சரை சென்டிமீட்டர். ஷட்டிலோட மொத்த நீளமே எட்டரை சென்டிமீட்டர் கிட்டத்தான்! ஆனா அடிக்கிறதுக்குச் சற்று முன்னாடி பாருங்க. மேல இருந்து விழுற ஷட்டில் இறகோட தடையால விநாடிக்கு ஏழு மீட்டர் வேகத்தைத் தாண்டாது. 1/1000ல ஏழு மில்லிமீட்டர்தான் நகரும். இறகு இறகா எண்ணலாம். பையன் அண்ணாந்து பார்க்கிறான், கண்ணுல விளக்கு விழுது, இடது கை ஷட்டிலைச் சுட்டிக்கிட்டு நிக்குது, மட்டை பின்னால மடங்கியிருக்கு. அந்தப் படத்துல முகம் இருக்கும். அடிச்ச அப்புறம் எடுக்கிற படத்துல பாதி நேரம் முகத்தைக் கையே மறைச்சுடும்.

குதிச்சு அடிக்கிறவனுக்கும் இது பொருந்தும். குதிப்போட உச்சியில உடம்பு மேலயும் போகாது, கீழயும் வராது. அந்த உச்சிக்கு அஞ்சு சென்டிமீட்டர் எல்லைக்குள்ள அவன் ஒரு விநாடியில அஞ்சுல ஒரு பங்கு நேரம் இருப்பான். கேமராவுக்கு அது ரொம்ப நீண்ட நேரம்.

பரதநாட்டியம் எடுக்கிறவங்க இதைக் கவனிச்சுக் கேளுங்க, உங்களுக்கும் இதேதான். தீர்மானம், அதாவது ஜதியை முடிக்கிற கோவை, மூணு தடவை வரும், மூணாவது சமத்துல, அதாவது தாளத்தோட முதல் தட்டுல, வந்து விழுறப்போ அந்தப் பொண்ணு சிலை மாதிரி நிப்பா. அங்க 1/160 போதும். ஜதியை எண்ணத் தெரிஞ்சவங்களுக்கு மேடை வெளிச்சம் பாதியா இருந்தாலும் படம் கிடைக்கும். ஊதா, நீல விளக்கு போட்டிருந்தா மட்டும் ஒரு ஸ்டாப் குறைச்சு ரா (RAW) கோப்புல எடுங்க, இல்லைன்னா அந்த ஒரு நிறம் வழிஞ்சு முகத்துல விவரமே இருக்காது.

நொடியைப் பிடிக்க, நின்ன இடமும் வேணும். எதிராளிக்குப் பின்னால, மூலைப் பக்கமா, தரையில உட்கார்ந்து எடுங்க. முகம் உங்களைப் பார்க்கும், குதிப்பும் உயரமாத் தெரியும். பயிற்சியாளர்கிட்ட முதல்ல அனுமதி கேளுங்க, மத்தப் பிள்ளைங்களும் படத்துல வருவாங்க. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், அண்ணாந்து பார்க்கிற பிள்ளையோட கண்ணுல அடிக்கும். ஃபோகஸுக்கு உதவுற விளக்கையும் அணைச்சுடுங்க.

பழைய லென்ஸ் வாங்கப் போறீங்கன்னா, நகர மண்டபம் எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்துல பெனின்சுலா ஷாப்பிங் சென்டர்ல கேமராக் கடைகள் நிறைய இருக்கு. போறப்போ சின்ன டார்ச் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. லென்ஸோட ரெண்டு மூடியையும் கழட்டி, பின்பக்கமா டார்ச் அடிச்சு, சாய்ச்சுச் சாய்ச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழை தெரிஞ்சா பூஞ்சை, எவ்வளவு மலிவா கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துடுங்க. தூசி நாலு இருந்தா பரவாயில்லை. நம்ம ஊர் ஈரத்துக்கு உலர் பெட்டி கட்டாயம் வேணும், ஈரப்பதம் நாப்பதுல இருந்து ஐம்பது சதவீதத்துக்குள்ள இருக்கட்டும். குளிரூட்டின கூடத்துல இருந்து வெளியில வர்றப்போ கேமராவைப் பைக்குள்ளேயே வெச்சு மூடிக்குங்க; வெளியில எடுத்தீங்கன்னா கண்ணாடி மேல உடனே பனி படியும்.

ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, அம்மா. இந்த வாரப் பயிற்சியில உங்க 18-150ஐயே வெச்சு எடுங்க. சொன்ன மூலையில உட்காருங்க, ஷட்டில் விழுறப்போ அழுத்துங்க. வீட்டுக்கு வந்து, உங்களுக்குப் பிடிச்ச இருபது படத்தைத் தனியா எடுத்து, ஒவ்வொண்ணோட கோப்பு விவரத்துலயும் எத்தனை மில்லிமீட்டர்னு இருக்கும், அதைக் குறிச்சுக்குங்க. பெரும்பாலும் ஐம்பதைச் சுத்தி வருதா, எண்பதைத் தாண்டுதான்னு எனக்கு எழுதுங்க.