கதவைத் தட்டாத போலீஸ்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

தொழில்நுட்பத்தோடு வாழ நமக்குப் பெரிதும் துணை நிற்பது மூத்தோரின் அனுபவமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, "ஓடிபி வந்தால் முதலில் கண்ணாடியைத் தேடுவார்கள், கண்ணாடி கிடைத்ததும் பேரனைத் தேடுவார்கள்; இவர்களா நமக்கு வழிகாட்டுவது?" என்று கேட்டார். அரங்கம் அதிரக் கைதட்டினீர்கள். நான்கு வாதங்களை எழுதிக்கொண்டு வந்திருந்தேன். அந்தக் கைதட்டலைக் கேட்டதும் தாளை மடித்து வைத்துவிட்டேன். எனக்குத் தரப்பட்ட நேரத்தை அந்த ஒரு கேள்விக்கே கொடுக்கிறேன். ஏனென்றால், ஒன்று புரியவில்லை என்றால் இன்னொருவரைக் கூப்பிடுகிற அந்தப் பழக்கம்தான் எங்கள் வீட்டில் ஒரு பேரனைக் காப்பாற்றியது.

சென்ற ஆண்டு ஆடி மாதம். என் தம்பி கணினிப் பொறியாளன். சிவகங்கைப் பக்கம் எங்கள் சொந்த வீட்டின் மாடி அறையில் இருந்துகொண்டே வேலை பார்ப்பவன். காலை 10 மணிக்கு அவனுக்கு ஓர் அழைப்பு வந்தது. அவன் பெயரில் வெளிநாட்டுக்குப் போன பார்சலில் போதைப்பொருள் இருந்ததாகச் சொன்னார்கள். பிறகு வீடியோ அழைப்புக்கு மாறச் சொன்னார்கள். திரையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர், அவருக்குப் பின்னால் சுவரில் அரசு முத்திரை. "உன்னை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், கேமராவை அணைக்காதே, அறையை விட்டு வெளியே வராதே, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதே" என்று உத்தரவு போட்டார்கள். இரண்டு மணி நேரம் அவன் எழுந்திருக்கவில்லை. கடைசியில், கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி, வீட்டுக்கடன் முன்பணத்துக்காக அவன் சேர்த்து வைத்திருந்த 4,80,000 ரூபாயையும் மாற்றச் சொன்னார்கள். தொகையைத் தட்டிவிட்டான், கடவுச்சொல் ஒன்றுதான் பாக்கி.

அந்த நேரத்தில் எங்கள் அப்பத்தா, 79 வயது, மூன்றாம் வகுப்புவரை படித்தவர், மோர்ச் செம்போடு மாடி ஏறி வந்தார். பதினொரு மணிக்கு மோர் குடிக்கக் கீழே இறங்கி வருகிற பிள்ளை பன்னிரண்டாகியும் வரவில்லையே என்பதுதான் அவருக்கு உறைத்தது. கதவைத் தட்டினார். "வேலை இருக்கு அப்பத்தா" என்றான். அந்தக் குரலைக் கேட்ட பிறகு அவர் நிற்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். "ஃபேன் ஓடுதுல்ல, ஏன்யா இப்படி வேர்க்குது?" என்று கேட்டார். அப்புறம் திரையைப் பார்த்தார். "போலீஸ் அப்பத்தா. என்னைக் கைது பண்ணியிருக்காங்க" என்று அவன் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

அப்பத்தா செம்பை மேசையில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக் கேட்டார்: "எங்க வீட்டுக்காரரைக் கண்மாய்த் தண்ணித் தகராறுல பிடிக்க வந்தப்பக்கூட, போலீஸ் வாசல்ல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. ஊரே பார்த்துச்சு. நீ ஏன் எம்பிள்ளைய யாருக்கும் தெரியாமப் பிடிக்கிற?"

அவையோரே, அந்தக் கேள்வியை இன்னொரு முறை சொல்ல அனுமதியுங்கள். "நீ ஏன் எம்பிள்ளைய யாருக்கும் தெரியாமப் பிடிக்கிற?" திரையில் இருந்தவர் கத்தினார், கிழவியை வெளியே போகச் சொல் என்று மிரட்டினார். அப்பத்தா பதில் பேசவில்லை. "அதைக் கவுத்து வை. மோரைக் குடி. எதிர்வீட்டு வாத்தியாரைக் கூப்பிடுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வாத்தியார் வந்துதான் சைபர் குற்றங்களுக்கான 1930 என்ற உதவி எண்ணைச் சொன்னார்.

ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அந்த அப்பத்தாவுக்குப் பாடம் எடுத்தவனே என் தம்பிதான். கருவியைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. கைது என்றால் எப்படி இருக்கும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது, ஏனென்றால் அவன் வாழ்வில் அப்படி ஒன்று நடந்ததில்லை. டிஜிட்டல் கைது என்ற ஒன்று சட்டத்தில் இல்லவே இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் பேசினார். அப்பத்தா அதைக் கேட்டவர் அல்லர். கணவரை அழைத்துப் போன நாளில் வாசலில் நின்று அழுதவர், அவ்வளவுதான்.

மூத்தவர்களும் இதே வலையில் விழுகிறார்களே, ஓய்வுபெற்ற மருத்துவர்களும் பேராசிரியர்களும் வாழ்நாள் சேமிப்பை இழந்திருக்கிறார்களே என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் கேட்கக்கூடும். உண்மைதான், அதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்த வஞ்சகர்கள் போடுகிற முதல் உத்தரவு என்ன என்று பாருங்கள்: யாரிடமும் பேசாதே. பணத்தைக் கேட்பதற்கு முன்னால் அவர்கள் மனிதர்களைப் பிரிக்கிறார்கள். ஏமாந்த அந்தப் பெரியவர்களின் கதவைத் தள்ளிக்கொண்டு மோர் எடுத்துவர அன்றைக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. அதனால்தான் சொல்கிறேன், ஓடிபி வந்ததும் பேரனைத் தேடுகிற தாத்தாவை எள்ளி நகையாடாதீர்கள். திருடன் எதைத் தடுக்க நினைக்கிறானோ அதைத்தான் அவர் செய்கிறார்.

சுனாமியை முன்கூட்டிச் சொல்ல ஐதராபாத்தில் 2007 முதல் எச்சரிக்கை மையம் இருக்கிறது என்று எதிரணியினர் சொன்னார்கள். இருக்கட்டும், அவசியம் இருக்கட்டும். இந்தோனேசியாவில் சிமிலு என்றொரு தீவு இருக்கிறது. 1907-இல் கடல் அங்கே ஊரையே வாரிக்கொண்டு போனது. தப்பியவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்து, நிலம் பலமாக ஆடிக் கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 97 ஆண்டுகள் கழித்து, 2004 டிசம்பர் 26 அன்று, எந்த அபாயச் சங்கும் ஒலிக்காத அந்தத் தீவில் 'ஸ்மோங்' என்ற ஒரு சொல்லைக் கூவிக்கொண்டே மக்கள் மலையேறினார்கள். ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர். அந்தச் சொல்லை முதலில் சொன்ன பாட்டிகளில் பலர் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்கமாட்டார்கள்.

எங்கள் அப்பத்தாவும் இந்த மாசியில் போய்ச் சேர்ந்துவிட்டார். மோர்ச் செம்பு சம்பவத்துக்குப் பிறகு தம்பி அவருக்கு வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பக் கற்றுக்கொடுத்தான். சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்துவிட்டு, போனை வாயருகே வைத்து, கிணற்றுக்குள் ஆளைக் கூப்பிடுவதுபோல உரக்கப் பேசுவார். சென்னையில் நான், சார்ஜாவில் அண்ணன், அதே வீட்டு மாடியில் தம்பி. எல்லோரும் இருக்கிற குடும்பக் குழுவில்தான் போடுவார். "தூத்தல் விழுகுது. மாடியில வத்தல் கெடக்கு. யாரு பக்கத்துல இருக்கீகளோ, ஓடுங்க." இதுதான் அவர் கடைசியாக அனுப்பியது.

போன வாரம் ஊரில் மழை பெய்தபோது தம்பி அந்தக் குரலை மறுபடியும் குழுவில் போட்டான். ஒரு நிமிடத்தில் சார்ஜாவிலிருந்து அண்ணன் எழுதினார்: "இதோ ஓடுறேன் அப்பத்தா."

நடுவர் அவர்களே, வணக்கம்.