கிரைண்டர் பெல்ட்டைத் தேடப் போய் 2,914 புக்மார்க்கில் விழுந்தேன்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கையில் டீ டம்ளர் இல்லை, கவனித்தீர்களா? எரிச்சலில் இருந்தால் எனக்கு டீ இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவிடமிருந்து போன். "ஏண்டி, கிரைண்டர் பெல்ட் மாட்டுறத படம் போட்டு ஒண்ணு காட்டினியே, அத அனுப்பு. உளுந்து பாதியில நிக்குது." எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்தேன். புக்மார்க்கில் 'கிரைண்டர்' என்று தேடினேன். ஒன்றும் இல்லை. 'பெல்ட்' என்று தேடினால் இடுப்பு பெல்ட் விற்கிற கடை வருகிறது. முக்கால் மணி நேரம் தேடியிருப்பேன். அதற்குள் பக்கத்து வீட்டு மிக்ஸியில் மாவு அரைத்து முடித்தாகிவிட்டது.

அன்றைக்குத்தான் மொத்தம் எத்தனை என்று பார்த்தேன். 2,914. அவ்வளவு எப்படி வந்தது? போன மாதம் லேப்டாப் மாற்றியதைச் சொன்னேன் இல்லையா? பழையதிலிருந்து புக்மார்க்கைக் கோப்பாக எடுத்து புதியதில் ஏற்றினேன். ஏற்றிவிட்டு, லேப்டாப்பிலும் போனிலும் ஒரே பட்டியலை வைத்திருக்கிற சிங்க்கையும் ஆன் செய்தேன். ஒன்று கொண்டுவந்ததையே இன்னொன்றும் கொண்டுவந்தது. எல்லாம் இரண்டு இரண்டாக வந்து உட்கார்ந்துவிட்டன. தப்பு என்னுடையதுதான். ஃபோல்டர் பெயர்களைக் கேட்டால் சிரிப்பீர்கள்: 'முக்கியம்', 'ரொம்ப முக்கியம்', 'அப்புறம் பார்க்கலாம்', 'அப்புறம் பார்க்கலாம் 2'.

சரி, இதையெல்லாம் அடுக்கித் தர ஓர் ஆப் இருக்கிறது என்று இறக்கினேன். பெயர் சொல்லமாட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்று நாள் இலவசம், அப்புறம் மாதம் 269 ரூபாய். மக்களே, 269 ரூபாய்! என் சொந்த லிங்க்கை எனக்கே வரிசையாகக் காட்ட! எங்கள் தெருமுனையில் டீ 12 ரூபாய். 22 டீ குடித்துவிட்டு 5 ரூபாய் மீதி வாங்கலாம். அந்த ஐந்துக்கு ஒரு கடலை மிட்டாய். வருடக் கணக்குப் போட்டால் 3,228 ரூபாய், அம்மாவுக்குப் பெல்ட் வாங்க ஆள் அனுப்பி அவருக்குச் சாப்பாடும் போடலாம். மூன்றாம் நாள் இரவு 11:40-க்கு எழுந்து உட்கார்ந்து ஆட்டோபேயை நிறுத்தினேன். இந்த வாரம் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

காசு கொடுக்காமல் வைத்திருந்தாலும் இந்த மாதிரி ஆப்பை நம்பி எல்லாவற்றையும் போட்டுவிடக் கூடாது என்பது என் கட்சி. வலைப்பக்கங்களை அப்புறம் படிக்கச் சேமித்து வைக்கிற பாக்கெட் ஆப்பைப் பாருங்கள். 2007-ல் வந்தது, 2017-ல் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் மோசில்லா வாங்கியது, 2025 ஜூலை 8-ம் தேதி மூடிவிட்டார்கள். பிரவுசரே தருகிற கோப்பு அப்படி இல்லை. அதை நோட்பேடில் திறந்து பார்த்திருக்கிறீர்களா? நான் இந்த வாரம்தான் பார்த்தேன். முதல் வரியிலேயே நெட்ஸ்கேப் என்று இருக்கிறது! நெட்ஸ்கேப் 2008-லேயே கதை முடிந்த பிரவுசர். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இன்றைக்கும் அந்த அச்சில்தான் புக்மார்க்கை எழுதித் தருகின்றன. ஒன்றில் எடுத்ததை இன்னொன்று படிப்பது அதனால்தான்.

அதில் ஒவ்வொரு முகவரியோடும் பத்து இலக்க எண் ஒன்று ஒட்டியிருக்கும். சேமித்த நேரம் அது, 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணி வந்த விநாடிகள். என்னுடையதில் ஆகப் பழையது 1307 என்று தொடங்கியது. கணக்குப் போட்டால் 2011 ஜூன். பிளஸ் டூ முடித்து கவுன்சலிங்குக்குக் காத்திருந்த மாதம். அப்படி என்ன சேமித்தேன் என்று ஆசையாகப் போனால், ஒரு கல்லூரி விடுதியின் சாப்பாட்டு அட்டவணை. பக்கம் இப்போது இல்லை. ஆச்சரியமும் இல்லை: 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் காணாமல் போய்விட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் சொன்னது. பழைய வலைப்பக்கங்களை நகலெடுத்து வைக்கிற வேபேக் மெஷினில் தேடினேன், அங்கேயும் இல்லை. வாரத்துக்கு எத்தனை நாள் சிக்கன் என்று பார்த்துத்தான் கல்லூரி தேர்ந்தெடுத்திருக்கிறேன் போல.

இரட்டைகளை ஃபயர்ஃபாக்ஸில்தான் கழித்தேன். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ அழுத்தினால் மொத்தப் பட்டியலும் திறக்கும். தேடும் இடத்தில் எல்லா முகவரியிலும் இருக்கிற http-ஐ அடித்து, முகவரிப்படி வரிசைப்படுத்துங்கள். ஒரே முகவரிகள் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு ஒன்று விட்டு ஒன்று கிளிக் செய்து அழிக்க வேண்டியதுதான். இரண்டு மாலை ஆனது.

ஐயோ, முதலில் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டேன். அழிக்கத் தொடங்கும் முன் கோப்பாக ஒரு நகல் எடுத்து வையுங்கள். சிங்க்கில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். இங்கே அழித்தால் போனிலும் அழியும். நான் முதல் நாளே 'சமையல்' ஃபோல்டரை முழுசாகத் தட்டிவிட்டேன். ஃபயர்ஃபாக்ஸ் தானாகவே தேதி போட்டு நகல் எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன்.

இப்போது 1,371. ஆனால் கிரைண்டர்? அது கிடைத்த இடத்தைக் கேளுங்கள். 'அப்புறம் பார்க்கலாம் 2'-க்குள், 'வீட்டுக் குறிப்புகள் - பக்கம் 4' என்ற பெயரில். புக்மார்க் தேடல் பெயரையும் முகவரியையும் நாமே ஒட்டுகிற டேக் என்ற அடையாளச் சொல்லையும் மட்டும்தான் பார்க்கிறது. பக்கத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பக்கத்துக்குப் பெயர் வைத்தவர் என் அம்மாவை நினைத்து வைக்கவில்லை. அதனால் இப்போதெல்லாம் கண்ட்ரோல், டி அழுத்தியதும் வருகிற பெட்டியில் பெயரை அழித்துவிட்டு, நான் எப்படிக் கேட்பேனோ அப்படி எழுதுகிறேன். 'கிரைண்டர் பெல்ட் அம்மா'. ஃபோல்டரெல்லாம் அப்புறம்தான். அதே பெயரை டேக் இடத்தில் ஆங்கில எழுத்திலும் ஒரு தடவை போடுகிறேன், அவசரத்தில் கீபோர்டை யார் மாற்றுவது?

அம்மாவுக்கு அந்த லிங்க்கை அனுப்பியது தனிக் கூத்து. முகவரியிலேயே தமிழ் இருந்ததா, காப்பி செய்தால் ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரிகிறது. புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனிக் குறி. 'குறிப்புகள்' என்ற ஒரு சொல் மட்டும் 99 எழுத்து, நடுநடுவே சதவீதக் குறி. "என்னடி எறும்பு ஊர்ந்த மாதிரி அனுப்பியிருக்க, வைரஸா?" என்று கேட்டு, திறக்கவே இல்லை. நான்தான் போனில் படித்துக்காட்டினேன்.

மிச்சம் 'அப்புறம் பார்க்கலாம்' ஒன்று. 412 இருக்கிறது. ஒன்றைக்கூட இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை. உங்கள் கண் முன்னாலேயே மொத்தமாக அழிக்கிறேன், பாருங்கள். இதோ, ரைட் கிளிக்... இருங்கள், இருங்கள். ரசப்பொடி ஒன்று இருக்கிறது.